கருநீரைக் கொஞ்சிய கதை

வெண்ணீரார் வந்துவிட்டார்! நகரமே குப்பைமேட்டுக்கு ஓடியது. வீட்டுக் குப்பையைக் கொட்டக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் முதல் வரிசையில் நின்றார்கள்.

குப்பைமேட்டில் மழை இறங்கினால் அடியில் கருநீர் கசியும். அழுகிய குப்பையின் சாறு அது. அதைச் சுத்திகரிக்க அடிவாரத்தில் ஒரு நிலையம் உண்டு. தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அவை மூச்சுவிட ஒரு மோட்டார் ஓயாமல் காற்று ஊதும். பதினோரு வருடமாக அதை ஓட்டுபவர் மோட்டார் அக்கா. அவரைப் பார்க்க ஈ, காக்கை தவிர யாரும் வந்ததில்லை.

கறுத்த நீரையும் வெளுக்க வைப்பவர் என்று பேர் வாங்கிய வெண்ணீராரோ ஒரு பெரிய டிரம்மோடு வந்தார்.

"கருநீர் கோபத்துல இருக்கு. அதான் கறுத்துப்போச்சு. அன்பாப் பேசுங்க, வெளுத்துடும்!"

ஒரு வாளி கருநீரை டிரம்மில் ஊற்றச் சொன்னார். டிரம்மைக் கட்டிப்பிடித்து, "என் செல்லமே, என் தங்கமே" என்று கொஞ்சினார். அடியிலிருந்த குழாயைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று தண்ணீர்!

விளம்பரப் பலகை எழுதியவர் 'வெந்நீரார்' என்று எழுதித் தொலைத்ததால், பாதிப் பேர் துண்டும் சோப்புமாகக் குளிக்க வந்திருந்தார்கள். அவர்களும் நம்பிவிட்டார்கள். நம்புவது என்று கிளம்பிவிட்ட பிறகு எதை நம்பினால் என்ன?

டிரம் வீட்டுக்கு வீடு விற்றது. ஓட்டல்காரர் தன் கடைச் சாக்கடைத் தண்ணீரை டிரம்மில் ஊற்றி, "கண்ணே, மணியே" என்று கொஞ்சினார். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நகராட்சித் தலைவரும் உருகிவிட்டார். மோட்டார் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு மோட்டாரை நிறுத்திடும்மா. இனிமே எல்லாத்தையும் அன்பு பாத்துக்கும்."

மோட்டார் அக்காவுக்குத் தெரியும்: மோட்டார் நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். கருநீர் அப்படியே, மேட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்துத் தெருக் கிணறுகளில் இறங்கும். அந்தத் தெருவில்தான் அவருடைய தங்கை கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றார். "தலைவரே, எங்க நிலையத்துல ஒரு வழக்கம். உள்ள எத்தனை வாளி போச்சோ, வெளிய அத்தனை வாளி வரணும். ஐயா எப்பவும் ஒரே ஒரு வாளிதான் ஊத்தச் சொல்றாரு. நான் பத்து ஊத்தறேன்."

வெண்ணீராரின் முகம், யாரும் கொஞ்சாமலே வெளுத்தது.

"அவசரப்பட்டா நீர் கோவிச்சுக்கும்!"

"கோவிச்சா கொஞ்சுங்க. அதானே உங்க தொழில்?"

"ஊத்துங்கக்கா! பத்தும் வெளுக்கும்!" என்று பக்தியோடு கத்தியது கூட்டம்.

ஐந்து வாளி வரை வெளுத்தது. ஆறாவதில் குழாய் இருமியது, நின்றுபோனது. ஏழாவதில் டிரம் தளும்பி, கட்டிப்பிடித்திருந்தவர் தலைமேலேயே வழிந்தது. அக்கா ஒரு கம்பை உள்ளே விட்டார். பாதியில் டங்கென்று முட்டியது.

"நடுவுல தகடு இருக்கு. நாம ஊத்துனது மேலேயே கிடக்கு. கீழ இருந்து வந்தது காலைல புடிச்ச குழாய்த் தண்ணி!"

"சீ, நாத்தம் புடிச்ச சனியனே!" என்று கருநீரைப் பார்த்துக் குதித்தார் வெண்ணீரார்.

அம்மா வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓட்டல்காரர் மனைவி குரல் கொடுத்தார்: "திட்டாதீங்கய்யா! அன்பாப் பேசுங்க, வெளுத்துடும்!"

மோட்டார் நிற்கவில்லை. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. மூக்கு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும்.

தண்ணீருக்குக் காது கிடையாது, மக்களே. உங்களுக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பதை அவ்வப்போது ஓடவிடுங்கள். அந்த மோட்டார் நின்றாலும் உள்ளே நாறிவிடும்.