ஆடுகிற வாள்

வால்யெவோ,
டிசம்பர் 11

மதிப்புக்குரிய சகலை மோமிர் அவர்களுக்கு, வீட்டோடு மாப்பிள்ளை விதோயே பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தோப்ரிலாவும் சுகம். பன்றி போன வாரம் வரை சுகமாக இருந்தது.

விஷயம், நம் மாமனாரின் தாத்தா கேப்டன் ராதோவான் வாங்கிய கராஜோர்ஜே நட்சத்திரப் பதக்கம் பற்றியது. போர்க்களத்து வீரத்துக்குக் கொடுத்ததென்றால் அதில் குறுக்கே இரண்டு வாள் இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்து வாங்கியதென்றால் வாள் கிடையாது என்று மாமனார் நமக்குச் சொல்லாத வருஷம் உண்டா? ஒவ்வொரு நிக்கோலா திருநாளிலும் மெழுகுவர்த்திக்கும் கோதுமைப் படையலுக்கும் நடுவே அதை வைத்து, "தள்ளி நில்லுங்கடா! தொடற யோக்கியதை ரெண்டு பேருக்கும் கெடையாது" என்று விரட்டுவாரே! அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் தொட்டதில்லை. இப்போது அருங்காட்சியகத்து அம்மாள் ஒருவர் திருநாளன்றே வந்து பார்த்து, கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாராம். தோப்ரிலா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. துடைத்து வைப்போமே என்று பெட்டியைத் திறந்தேன், அதுதான் நான் செய்த தப்பு. துடைக்கத் துடைக்க ஒரு வாள் ஆடுகிறது சகலை, கடைவாய்ப் பல் போல ஆடுகிறது!

கடிகாரம் பழுதுபார்க்கும் லூபிங்கோவிடம் ஓடினேன். கள்ளநோட்டு பார்க்கிற விளக்கில் ரிப்பனைக் காட்டினான், நீலமாக ஜொலித்தது. நைலான் நூலாம். "ரிப்பன் கிழிஞ்சா மாத்தறது சகஜம், அத விடு" என்றான். எனக்கு உயிர் வந்தது. பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகித் திருப்பிப் பார்த்தான்.

"யோவ், நட்சத்திரம் அசல்தான். ஆனா இந்த வாளு அதோட பொறக்கல. அடியில எனாமல் கருகியிருக்கு பாரு. இது தகரக் கூரைக்கு வைக்கிற ஈயம்யா!"

"கேப்டன் கொலுபராவுல சண்ட போட்டவர்டா!"

"போட்டிருப்பாரு. இது அதுக்குக் குடுத்ததில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. யார் என்ன குத்திப் பேசினாலும், "நான் ராதோவானோட கொள்ளுப்பேத்தி" என்று தலை நிமிர்ந்து நடந்தவள் தோப்ரிலா. பாதிரியார், பக்கத்து வீட்டார் அத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள் வாளைச் சுரண்டினால் இவள் என்ன ஆவாள்? ஆகவே முடிவு செய்துவிட்டேன். பெட்டியோடு ஆற்றில் போட்டுவிட்டு, குடித்துவிட்டு எங்கோ தொலைத்துவிட்டேன் என்று சொல்லப் போகிறேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு இன்னொரு கெட்ட பெயர் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் வந்து, "ஆமாம், அவன் தள்ளாடித்தான் வந்தான்" என்று சாட்சி மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு விளக்கும் ராக்கியாச் சாராயமும் வற்றாமல் புனித நிக்கோலா காக்கட்டும். கொழுந்தியாள் ஸ்லாவ்காவுக்கு என் அன்பு. அவளிடம் மூச்சு விடாதீர்கள்.

தங்கள்,
விதோயே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தோப்ரிலா படித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால், அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வீட்டோடு வருகிற மாப்பிள்ளை எடுத்து விற்றுவிடுவான் என்று, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமனார் சந்தையில் வேறொரு நட்சத்திரம் வாங்கி, வாளை ஒட்டவைத்தாராம். சொல்லமாட்டேன் என்று இவளிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். "எனக்காகவா ஆத்துல போடப் பாத்தீங்க? அப்பாவுக்கு உங்களத் தெரியாமப் போச்சே" என்றபோதுதான் அவள் கண் கலங்கிற்று. முப்பத்தெட்டு வருஷம் சகலை! கேப்டனின் அசல் நட்சத்திரம், வாளோடு, உங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். ஸ்லாவ்கா திருநாளுக்குக் கொண்டுவருகிறாள். உங்களிடம் மட்டும் சொல்லக் கூடாதாம்.