கெங்கம்மா எழுந்து போகச் சொன்ன சம்பந்தி

சாந்தோம்,
1934 மே, ஞாயிறு பிற்பகல்

மகா கனம் பொருந்திய மைத்துனர் அகஸ்டின் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வெரோனிகாவின் புருஷனும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டருமாகிய ராஜநாயகம் வந்தனத்துடன் எழுதுவது. சேசுநாதர் கிருபையால் இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று எழுதுவது முறையாகையால் எழுதிவிட்டேன். உண்மையில் ஒருவரும் க்ஷேமமாக இல்லை. அவ்விடத்து க்ஷேமத்துக்குத் தாங்கள் பதில் போட வேண்டாம். இதைப் படித்ததும் நாகப்பட்டினத்தில் மாசிலாமணி அவர்கள் வீட்டுக்குப் போய், என் சார்பில் அவர் காலில் விழுந்தால் போதும்.

நம் பெண் நோராவை அவருடைய மகனுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சை எடுத்தது தாங்கள்தான். தாங்கள் அனுப்பிய பையனின் படத்தை நோரா பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்; பூசையில் எந்தப் பாட்டைப் பாடினாலும் அவள் ஒரே பக்கத்தைத்தான் திறக்கிறாள். மாசிலாமணி அவர்கள் நேற்று வந்தார், பெண்ணைப் பார்த்தார், காப்பி குடித்தார், முடிவை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்தவரல்லவா, எல்லாவற்றுக்கும் அவருக்கு நேரம் உண்டு. இன்று பூசை முடிந்து வெளியே வந்ததும் முடிவைச் சொல்வார் என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர், "கடற்கரையில் ஒரு கள்ளுக்கடை இருக்காமே, மீன் குழம்பு பிரமாதமாம், அகஸ்டின் சொன்னார்" என்றார். ஆகவே நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள்தான் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளவும்.

அந்தக் கடை தங்களுக்குத் தெரிந்ததுதான். குப்பன் கள் ஊற்றுகிறான், அவன் பெண்சாதி கெங்கம்மா சமைக்கிறாள். கள் எப்படி என்று எனக்குத் தெரியாது; நான் எப்போதும் கள்ளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துத்தான் உட்காருவேன். ஆனால் அவளுடைய சுறாப்புட்டும், மாங்காய் போட்ட மீன் குழம்பும் இந்தப் பட்டணத்தில் வேறெங்கும் கிடையா, அதைச் சத்தியமாகச் சொல்வேன். கிடைப்பதுதான் கஷ்டம். மீன் கேட்டால் நண்டு வரும். தண்ணீர் கேட்டால் குப்பன், "எதிர்க்கத்தான் அம்மாம்பெரிய கடல் கீதே" என்பான். சொன்னது எங்கே என்று கெங்கம்மாவைக் கேட்டால் "வந்துகினே கீது" என்பாள். அப்படியென்றால் அந்த மீன் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

மாசிலாமணி அவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து, கடிகாரத்தை எடுத்துத் தமக்கு முன்னால் வைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தின்று கையலம்பிப் போனார்கள். கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன் போல் தொப்பி வைத்த ஒருவன் உட்கார்ந்ததும் அவனுக்குத் தண்ணீர் வந்தது. கடைசியில் கெங்கம்மா ஒரு தட்டு நெத்திலி வறுவலை எங்கள் முன் வைத்து, "யாரு வாத்தியாரே இவுரு?" என்று கேட்டாள். இனியாவது நன்றாகக் கவனிக்கட்டும் என்று, "எனக்குச் சம்பந்தி ஆகப் போகிறவர்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள், "அப்பிடிப் போடு" என்று சொல்லி, மாசிலாமணி அவர்கள் கை நீட்டிய அந்தத் தட்டையே தூக்கிக்கொண்டு போய்த் தொப்பிக்காரனிடம் வைத்தாள்.

அதன்பின் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மாசிலாமணி அவர்கள், தம் சர்வீஸில் வெள்ளத்தில் தண்டவாளம் போனபோதுகூட வண்டி இவ்வளவு தாமதமானதில்லை என்றார். நான் குப்பனிடம் நியாயம் கேட்க எழுந்து போனேன். அவன், "அத்த அவகிட்ட கேளு" என்றான். அப்போது கெங்கம்மா வெளியே வந்து, நாலு பேர் பார்க்க அவரிடம், "இன்னா நைனா, இன்னும் இங்கியே குந்திகினு கீற? எந்திரி. எந்திரிச்சிப் போ" என்றாள். என் காதால் கேட்டேன். இதைக் கேட்ட குப்பன் சிரிக்கிறான். நான் அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் பெஞ்சியில் மனிதரும் இல்லை, கடிகாரமும் இல்லை. கரையோரம் கூப்பிட்டுக்கொண்டே போனேன், கோயில் வாசலில் பார்த்தேன், ரோட்டில் பார்த்தேன். நேரே எழும்பூர் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வைத்த பெட்டியைக்கூட எடுக்காமல் போயிருக்கிறார் என்றால் எவ்வளவு கோபம் என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பார்சலில் அனுப்புகிறேன்.

வெரோனிகா என்னுடன் பேசவில்லை. அதுகூடப் பழக்கந்தான். நோரா அழவும் இல்லை. படத்தைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்து, "அவங்க கேட்டா திருப்பிக் கொடுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மைத்துனரே, பெண்ணைப் பெற்றவன் அவளுக்கு ஒரு நல்லது நடக்கிற நாளில் மீன் குழம்புக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. இனி அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். தாங்களும் இங்கு வரும்போது அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கெங்கம்மா எதிரே வந்தால் நான் வேறு தெருவில் போவேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வந்தனமும், பிள்ளைகளுக்கு ஆசீரும், தேவமாதாவின் அடைக்கலமும் தங்கள் எல்லோருக்கும் உண்டாவதாக.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும்
ராஜநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குப்பன் வந்து வாசலில் நின்றான். "இன்னா வாத்தியாரே, சம்மந்திய உட்டுட்டு நீ பாட்டுக்கு வந்துட்ட? அவுரு பின்னால எங்கூட்டுல துன்னுகினு கீறாரு. ஒனக்கும் எல போட்டுகீது" என்றான். சம்பந்தி என்று நான் சொன்னதும், சம்பந்தம் செய்ய வந்தவரைக் குடிக்கிறவர்கள் நடுவில் பெஞ்சியில் உட்காரவைத்துக் கடைச் சோறு போடுவதா என்று கெங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லையாம். தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், வீட்டுக்குள் புதுச் சட்டி ஏற்றி, அவருக்கென்று தனியாகக் குழம்பு வைத்திருக்கிறாள். எழுந்து போகச் சொன்னது அங்கே. நான் ஓடினேன். மாசிலாமணி அவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வஞ்சிரத் தலையோடு போராடிக்கொண்டிருந்தார். கடிகாரம் எங்கே என்று தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார். பிறகு பச்சைக்கொடி காட்டிவிட்டார், கல்யாணச் சமையல் கெங்கம்மா கையால்தான் நடக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஆகையால் தாங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். தாள் வீணாகக் கூடாதென்று இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். கல்யாணத்தன்று மட்டும் வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரவும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை நோராவிடம் கொடுக்கலாம் என்று மேஜையைப் பார்த்தேன். குப்பன் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.