கார்டு செல்லும் நுரையீரல் டாக்டர்

"நம்ம காப்பீட்டுக் கார்டை எடுத்துக்கிற நுரையீரல் டாக்டர் கெடைக்கட்டும், அன்னிக்கே வரேன்!" என்று துரைக்கண்ணு சபதம் போட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்க வேண்டிய சபதம். நடுவில் இருமல் வந்ததால் அடுப்படியோடு நின்றுவிட்டது. மல்லாட்டை மில்லில் காலமெல்லாம் வேர்க்கடலைத் தூசி குடித்த நெஞ்சு அது.

டாக்டரைத் தேடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். சாயங்காலமானால் மனைவி லட்சுமியம்மாளிடம் கணக்கு ஒப்பிப்பார்.

"விழுப்புரத்துல கேட்டேன். கண்ணுக்குக் கார்டு செல்லுமாம், முட்டிக்குச் செல்லுமாம். நுரையீரலுக்கு மட்டும் கெடையாதாம்."

"திண்டிவனம்?"

"அங்க டாக்டரே லீவு."

"எப்ப வருவாராம்?"

"அவரு வந்தாத்தான கேக்க முடியும்?"

லட்சுமியம்மாள் போய் விளக்கேற்றுவாள். உண்மையில் துரைக்கண்ணு ஒருத்தருக்கும் போன் போடவில்லை.

பயம்தான். சிங்கவரம் மலைமேல் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஏறிய படிகள். இப்போது அவள் மட்டும் ஏறுகிறாள். அவர் கீழே அவள் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்து, அந்தப் புடவை கலர் மேலே போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். இனிமேல் ஏறவே கூடாது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால்? யாரும் சொல்லாத வரைக்கும் அடுத்த சனிக்கிழமை ஏறிவிடலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டாவது இருக்கலாமே. அந்த ஆசையைக் காப்பாற்றத்தான் இத்தனை புளுகும்.

ஒரு நாள் காலையில் லட்சுமியம்மாள் இருமினாள். கோலமாவு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. மூச்சு அடைக்குது."

"எப்பத்திலேர்ந்து?"

"கொஞ்ச நாளாவே. விடுங்க, கார்டு எடுத்துக்கிற டாக்டர்தான் எங்கயும் இல்லியே."

அந்தப் புடவை கலர் இல்லாத மலைப்படியைத் துரைக்கண்ணுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போனை எடுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே. ஒரு ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டால்தான் கார்டு என்றார்கள். இன்னொன்றில் கார்டு செல்லும், டாக்டர்தான் இல்லை என்றார்கள். கூட வேலை பார்த்த பொன்னுசாமியை விசாரித்தார். மருந்துக்கடையில் விசாரித்தார். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் விசாரித்தார். கடைசியில் புதுச்சேரி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், "கார்டு செல்லும், டாக்டரும் இருக்காங்க, வாங்க" என்றார்கள். போனுக்கே ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். "ஆஸ்பத்திரின்னா பயப்படக் கூடாது லட்சுமி. நீ இன்னா சின்னப் புள்ளையா?"

"சரிங்க."

டாக்டர் சின்ன வயசுப் பெண். "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

லட்சுமியம்மாள் வாயைத் திறப்பதற்குள் துரைக்கண்ணு முந்திக்கொண்டார். பல்வலி அவளுக்கு என்றாலும் டாக்டரிடம் பேசுவது அவர்தான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படி.

"விடியக்காலைல விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும் டாக்டர்."

"ராத்திரி?"

"படுத்தா அடைக்கும். செவுத்துல சாஞ்சாத்தான் கொஞ்சம் கண்ணை மூடலாம்."

"படி ஏறினா?"

"மனசு மேல ஓடும், கால் வராது. நாலு படில நெஞ்சு புடிச்சுக்கும். ஒரு கல்லுல உக்காந்து மேலயே பாத்துக்கினு இருக்கணும். கூட வந்தவங்க திரும்பி வர்ற வரைக்கும்..." மேசைப் பக்கமாகக் குனிந்தார். "ஒரே ஒரு தடவ ஏறிடணும் டாக்டர்."

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். "உங்களுக்காம்மா இதெல்லாம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். பொய்யா இருமினதுக்குப் பெருமாள்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். இவருகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்குன்னு வந்தா எல்லாத்தையும் கொட்டிடுவாருன்னு தெரியும். எழுதிக்குங்க, எல்லாம் அவருக்குத்தான்."

துரைக்கண்ணுவுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"மூடாதீங்க, அப்படியே நல்லா இழுத்து விடுங்க" என்று டாக்டர் அவர் முதுகில் ஸ்டெத்தை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். "டெஸ்ட் எடுக்கணும், மருந்து ஒழுங்கா எடுக்கணும். படி ஏறக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், மெதுவா பார்ப்போம். ரெண்டு பேருக்கும் ஒரே கார்டுதானே? செல்லும்."

லட்சுமியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்ளோ நாளா வராதவரை எப்படிம்மா இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன் டாக்டர்? அவருதான் என்னைக் கூட்டிக்கினு வந்தாரு."