கால்வாய்ச் சங்கத்துக்கு ஓர் இருட்டுக் கண்ணாடி

எனக்குப் பகலிலேயே கண் சரியாகத் தெரியாது. மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது மனைவியா பீரோவா என்பதை, அது பேசுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் முடிவு செய்வேன். இப்படிப்பட்ட ஒருவன், இருட்டில் பார்க்கும் கருவியை ஒரு புது ஸ்கூட்டர் விலைக்கு வாங்கலாமா வேண்டாமா என்று நாற்பது விவசாயிகளுக்குப் புத்தி சொன்னான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். (வெட்கம் கால் பங்குதான். மீதி பெருமை. காரணம் போகப் போகத் தெரியும்.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கம் மனைவி வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. உழுவது, நடுவது, களையெடுப்பது, அறுப்பது எல்லாம் மாமனார் பார்த்துக்கொள்வார். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். அதாவது, சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், வரப்பில் நின்று, உரத்தைப் பற்றிப் படித்ததைச் சொல்லிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் மேற்கு மலையில் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஊரில் கார் பருவத்து நெற்பயிர் முழுக்க வாடியது. எங்கள் வயல் மட்டும் தளதளவென்று நின்றது. வேப்பம்புண்ணாக்கையும் யூரியாவையும் நான் சொன்ன விகிதத்தில் கலந்து போட்டதன் பலன் இது என்று கல்லூரியில் தினமும், சங்கக் கூட்டத்தில் வாரம் ஒரு முறையும் சொன்னேன். (சங்கம் என்றது கால்வாய் விவசாயிகள் சங்கத்தை. அதிகாரிகளுக்கு மனு எழுத ஆள் வேண்டுமென்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள்.)

ராத்திரி முறை, கால்வாயின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர்களுடையது. மேலே உள்ள வயல்காரர்கள் தங்கள் மடையைச் சேறும் வைக்கோலும் வைத்து அடைத்துவிட வேண்டும். அடைத்தார்கள். ஆனாலும் கிளம்பிய தண்ணீரில் பாதிதான் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ இருட்டில் மடையைத் திறந்து, விடிவதற்குள் மறுபடி அடைத்துவிடுகிறான். டார்ச்சோடு போனால், அந்த வெளிச்சத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பயிருக்குள் படுத்துவிடுகிறான். கடைமடைக்காரர்களில் மூத்தவர் ஞானமுத்து அண்ணாச்சி. அவருடைய பயிர் இன்னும் பத்து நாள் தாங்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திசையன்விளை செல்லத்துரை அண்ணாச்சி என் வாழ்க்கையில் நுழைந்தார். கப்பலில் வரும் சாமான்களை வாங்கி விற்பவர். ஒரு மஞ்சள் பையிலிருந்து, ரெண்டு குழாயும் தலையில் மாட்ட ஒரு வாரும் உள்ள கனத்த கருவியை எடுத்து வைத்தார்.

"ரஷ்யாக்காரன் பட்டாளத்துச் சரக்கு, சார். அமாவாசையில எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். இருபத்திரெண்டாயிரம்."

(சட்டப்படி இது சரியா என்று நான் அப்போது கேட்கவில்லை. நீங்களும் இப்போது கேட்காதீர்கள்.)

சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். உலகப் போர்களில் இருட்டின் பங்கு பற்றி அரை மணி, நம் கால்வாயில் இருட்டின் பங்கு பற்றி அரை மணி. தலைக்கு ஐநூற்றைம்பது ரூபாய் வரும் என்றேன். ஞானமுத்து அண்ணாச்சி, "அந்தத் துட்டுக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கலாம் வே" என்றார்.

கடுமையாக எதிர்த்தவர் என் மாமனார்.

"இருட்டுன்னா இருட்டுதான் மாப்ளே. கண்ணாடி போட்டா விடிஞ்சிருமா? ஒருத்தன் ஊரை ஏமாத்துதான், படிச்சவுக நீங்களும் நம்புதீய."

அறிவியல் தெரியாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. கடைசியில், சனிக்கிழமை ராத்திரி ஒரு சோதனை பார்ப்பது, கள்ளன் பிடிபட்டால் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. தீர்மானத்தை நானே எழுதினேன். "அங்கன போயி இருட்டுல ஒக்காந்து ஏமாறுங்க. நான் வரல" என்று மாமனார் எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை அமாவாசை இருட்டு. கால்வாய்ப் பாலத்தின் சுவருக்குப் பின்னால் பதினைந்து பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். செல்லத்துரை அண்ணாச்சி கருவியை என் தலையில் மாட்டினார். என் கண்ணாடியைக் கழற்றினால்தான் அதை மாட்ட முடியும். பார்வைக் குறைக்கு ஈடுகட்ட ஒரு குமிழ் உண்டு, திருகினால் சரியாகிவிடும் என்றார். மைனஸ் ஆறுக்குக் குமிழ் பாதி வழிதான் வந்தது. ஆனாலும் உலகம் பச்சையாகத் தெரிந்தது. காதோரம் கொசு மாதிரி ஒரு சத்தம். நான் ஒரு தளபதியாகிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஓர் உருவம் அசைந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே கிரிக்கெட் வர்ணனை மாதிரி கிசுகிசுக்க ஆரம்பித்தேன்.

"வாரான். கையில மண்வெட்டி. வேட்டியை மடிச்சுக் கட்டுதான்."

"எந்த மடை வே?" என்றார் ஞானமுத்து அண்ணாச்சி.

"புளியமரத்துக்கு இந்தப் பக்கம் மூணாவது மடை."

பின்னால் திடீரென்று ஓர் அமைதி. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். (எங்கள் வயலுக்கு எந்த மடை என்பது எனக்கு அதுவரை தெரியாது. வரப்பில் நின்று உரம் பற்றிப் பேசுகிறவனுக்கு மடை எதற்கு?)

"வயசு அறுபதுக்கு மேல இருக்கும். நல்ல கைதேர்ந்த கள்ளன். மண்ணைக் கொஞ்சமும் சிந்தாம எடுக்கான் பாருங்க. வருஷக்கணக்கான பழக்கம்."

"போதும் வே, நிறுத்தும்" என்றார் ஞானமுத்து அண்ணாச்சி.

"சங்கத்துக்கு முழு விவரம் தெரியணும் அண்ணாச்சி. இப்போ மடியிலருந்து என்னத்தையோ எடுக்கான். மூக்குல வைக்கான். பொடி போடுதான்."

இருட்டிலிருந்து தும்மல் வந்தது. ஒன்று. இரண்டு. சற்று இடைவெளி விட்டு, ஊரையே எழுப்புகிற மாதிரி மூன்றாவது. எட்டு வருஷமாக முக்கூடல் வீட்டு முற்றத்தில் ஞாயிறுதோறும் விடியற்காலையில் என்னை எழுப்பிய தும்மல் அது.

நான் வாயைத் திறப்பதற்குள் பதினைந்து டார்ச்சுகளும் எரிந்தன. வெளிச்சத்தில் மாமனார் மண்வெட்டியோடு நின்றார். ஓடவில்லை. தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். என்னை, என் தலையில் இருந்த இரட்டைக் குழாயை, ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வாங்க மாப்ளே. சாப்பிட்டீயளா?"

சாப்பிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

"சாமான் நல்லாத்தான் இருக்கு" என்று செல்லத்துரை அண்ணாச்சியிடம் சொன்னார், தோற்றாலும் நியாயம் பேசுகிற மனிதராக. "நான்தான் நம்பல."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீயளா சார், சரக்கு எப்படி" என்று ரசீதுப் புத்தகத்தையே எடுத்துவிட்டார்.

அங்கேயே, பாலத்தின்மேலேயே கூட்டம் நடந்தது. எங்கள் வயலுக்கு மூன்று முறைத் தண்ணீர் வெட்டு. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு. தீர்ப்பை எழுதியவன் நான். ஒரு வரிகூட விடவில்லை. அதே தாளின் அடியில் செயலாளர் பதவியை ராஜினாமா செய்தேன். சொந்த மாமனாரைப் பிடித்து, தண்டனையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட செயலாளர் அந்தக் கால்வாயில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் பெருமை இதுதான். கண்ணாடியை வாங்க வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். கள்ளன் கிடைத்த பிறகு கண்ணாடி எதற்கு?

வீட்டில் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்.

"யாருக்காகச் செஞ்சாரு எங்கப்பா? மாப்ளே காலேஜ்ல வெளச்சல் பத்திப் பெருமையாப் பேசிட்டாரு, கொறஞ்சா அவருக்குத் தலைகுனிவா இருக்கும்னுதான்."

அன்று முதல் இன்று வரை எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும், என் மூக்குக் கண்ணாடியே தொலைந்தாலும், யாராவது ஒருவர், "திசையன்விளைக்கு ஆள் அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். மாமனார் இருந்தவரை அவரும் கேட்டார். அவர்தான் அதிகம் கேட்டார்.

ஞானமுத்து அண்ணாச்சியின் பயிர் ஒருவழியாகப் பிழைத்தது. அறுவடை சமயம் அவரை வரப்பில் பார்த்தேன். ராஜினாமா செய்தாலும் கருவிமேல் எனக்கிருந்த விசுவாசம் போகவில்லை.

"எப்படியிருந்தாலும் அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி இல்லேன்னா கள்ளனைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது, இல்லையா?"

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"இந்தக் கார் பருவத்துல ஊர் வயல்லாம் காஞ்சு கெடந்துச்சு. ஒம்ம வயல் ஒண்ணுதான் பச்சையா நின்னுச்சு. அதைப் பகல்லயே பாத்தாச்சு வே."

"அப்போ ஏன் யாரும் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீருதான் உரத்தைப் பத்தி அவ்வளவு ஆசையாப் பேசிக்கிட்டிருந்தீரே."