சுபலட்சுமியின் கர்சர்

மூன்றாவது முறையாகக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் பாதியில் நின்றது. அச்சகத்தில் டைப் அடிக்கும் சுபலட்சுமி ‘துரைக்க’ வரை அடித்திருந்தாள். மீதி ‘ண்ணு’வைக் காணோம். எழுதும் பெட்டியில் இருந்த கர்சர் தானாகக் கிளம்பி மேலே மெனுவில் போய் உட்கார்ந்திருந்தது. போகிற போக்கில் யாரும் அடிக்காத இரண்டு எழுத்துகளை வேறு விட்டுவிட்டுப் போயிருந்தது.

“அண்ணா, மறுபடி ஓடிச்சு,” என்றாள்.

ஹேமநாத் பல்லைக் கடித்தான். அவள் அடித்துக்கொண்டிருந்த தமிழ் எடிட்டர் புரோகிராம் அவனே எழுதியது. சென்னை வேலையை விட்டுவிட்டு ஆரணியில் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியது. வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்காக ஓடினால் தன் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு அதையே வைத்துக்கொள்வதாகச் சிவப்பிரகாசம் வாக்குக் கொடுத்திருந்தார். ஓடாவிட்டால் திங்கட்கிழமை செய்யாறு கம்பெனி வேலைக்கு பஸ் ஏற வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

புதன்கிழமை முதல் வைத்தியம். கர்சர் எங்கே போனாலும் நொடிக்கொரு தரம் இழுத்துவந்து எழுதும் பெட்டியில் விடும்படி புரோகிராமை மாற்றினான். ஓட்டம் நிற்கவில்லை. அதோடு தேடும் பெட்டியில் எதையும் அடிக்க முடியாமல் போயிற்று. சுபலட்சுமி ‘சேத்துப்பட்டு’ என்று தேடப்போக, அது மணப்பெண்ணின் பெயருக்குள் விழுந்தது. தீபா, தீசேத்துப்பட்டுபா ஆனாள்.

வியாழக்கிழமை, எழுதும் பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் பூட்டினான். ‘மூடு’ பொத்தானும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. கடைசியில் பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. காலையிலிருந்து அடித்த நாலு பத்திரிகைகள் போயே போய்விட்டன.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடித்தால் கர்சர் சமர்த்தாக இருந்தது. அவள் உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் ஓடியது. ஆகவே சந்தேகம் அவள் கைமேல் விழுந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அவள் விரல்களையே முறைத்தான். பத்தும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயின.

“இப்டிப் பாத்துகினே இருந்தா எப்டிண்ணா அடிக்கிறது,” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமைக்குள் கர்சரை நகர்த்தும் பகுதி முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிட்டான். சிவப்பிரகாசம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். சுபலட்சுமி அடித்தாள். ‘வெம்பாக்க’ வரை வந்தது. கர்சர் ஓடிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் ஹேமநாத்தை இன்னும் வாட்டியது.

“பேஜாராப் போச்சுப்பா. முகூர்த்த நாள் வந்துகினு இருக்குது. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்,” என்றார்.

ஹேமநாத் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு மணி நேரம் கேட்டான். கேட்டுவிட்டுச் சுபலட்சுமியை எழுப்பி, மறுபடியும் முதல் வரியிலிருந்து புரோகிராமைப் படிக்க உட்கார்ந்தான். அச்சகத்தைக் கூட்டுகிற காசியம்மாள் துடைப்பத்தோடு வந்து காலைத் தூக்கச் சொன்னாள். அப்புறம் வரச் சொல்லி எரிந்துவிழுந்தான். அவள் அதற்குள் மேசைக்கடியில் குனிந்து அங்கே கிடந்த எதையோ ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“கோச்சிக்காத தம்பி. இந்தப் பொண்ணு தறி நெய்யற வேலையில இருந்து வந்தது, கால்ல எதனா மிதிச்சுகினே இருந்தாத்தான் கை ஓடும்னுச்சு; அதான் புதுசு வந்தப்போ சும்மா கெடந்த பழைய கீபோர்டை, கம்ப்யூட்டர்ல இருந்து ஒயரைக்கூடக் கழட்டாம, அது காலடியில வெச்சேன்.”