ஓசியில் வந்த எக்கோவும் சாந்தாமணியக்காவின் பாட்டும்

நடந்தவை வரிசையாக:

1. தொண்ணூற்றெட்டில், கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் 'எக்கோ' அண்ணன் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ திறந்தார்.

2. கம்ப்யூட்டருக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அதனுடன் ப்ளக்-இன் என்கிற துணைக் கருவிகள் கூட்டமாக இலவசமாக வந்தன. எதிரொலி கூட்ட ஒன்று, குரலை நடுங்க வைக்க ஒன்று, ஒருவரைப் பலராக்க ஒன்று.

3. எல்லாவற்றையும் எல்லாப் பாட்டிலும் போட்டார்.

முதல் இரண்டும் யாரும் செய்வதுதான். ஆனால் ஓசியில் வந்ததை இவ்வளவு மரியாதையாக நடத்திய மனிதரைக் கோயமுத்தூர் ஜில்லா இன்னொரு முறை பார்க்காது.

பீளமேட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தேவையானதை மட்டும் போடலாமே என்றேன்.

"மாடு வாங்குனா கூடவே கன்னுக்குட்டியும் வருதுங்க அம்மணி. அதுக்குத் தண்ணி காட்டாம உடலாமுங்களா?"

"தண்ணி காட்டலாங்கண்ணா. ஏர்ல பூட்டறீங்களே."

"பூட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்."

பூட்டினார். ஒரு உரக்கடை விளம்பரம் ஆட்டோவில் ஒலித்தபோது, கடைக்காரர் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று ஜனங்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். ஒரு கல்யாணக் கேசட்டில் ஒற்றை நாயனம் ஒரு படையாகப் பெருகியது. பெண்ணின் பெரியப்பா நேரில் வந்து, அத்தனை பேரும் பந்தியில் சாப்பிட்டுத்தான் போனார்களா என்று கவலையோடு விசாரித்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் சாந்தாமணியக்கா வந்தார். சரவணம்பட்டியில் கும்மிக்கு முன்பாட்டுப் பாடுகிறவர். தொண்டையில் கட்டி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதன்பின் குரல் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அதற்குள் ஒரு பாட்டைப் பதிந்து வைத்துக்கொள்ள ஆசை.

வழக்கமாகக் கீழே லேத் நிற்கும் சாப்பாட்டு வேளையில்தான் பதிவு செய்வோம். அன்று அவசர வேலை என்று லேத்தை நிறுத்தவில்லை. நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே கிடந்த எங்கள் காதுக்கு அது உறைக்கவே இல்லை. பாடி முடித்ததும் அண்ணன் எல்லா ப்ளக்-இன்னையும் ஏற்றித்தான் போட்டுக் காட்டினார். அந்த எதிரொலிக்கு அடியில் லேத் என்ன, ரயிலே ஓடினாலும் கேட்டிருக்காது.

சிகிச்சை முடிந்து அக்கா திரும்பி வந்தபோது, குரல் கரகரத்துக் கிடந்தது. நாங்கள் பதிந்து கொடுத்த கேசட்டை மேஜையில் வைத்தார்.

"ஏனுங்க, இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"

அண்ணன் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் திறந்தார். ஒவ்வொரு ப்ளக்-இன்னாகக் கழற்றினார். கடைசி ஒன்றும் போனபோது அக்காவின் குரல் வந்தது. கூடவே லேத்தின் உறுமலும் வந்தது. மறுபடி பாடிக் கொடுக்க அவரிடம் குரல் இல்லை.

அந்த வாரம் வேறு வேலை எதையும் அண்ணன் தொடவில்லை. ஈக்குவலைசர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒலியில் கனத்த பகுதியையோ கீச்சென்ற பகுதியையோ தனியாகக் குறைக்கவும் கூட்டவும் உதவும் சாதாரணக் கருவி அது. அக்கா மூச்சு வாங்கும் இடங்களில் உறுமலை நன்றாகக் குறைத்தார். பாடும் இடங்களில் கொஞ்சம் குறைப்பார், குரல் மெலிந்தால் உடனே பழையபடி விட்டுவிடுவார். கூட இருந்து கேட்டதில், தாழ்ந்து பாடும் வரிகளில் உறுமலும் குரலும் பின்னிக்கிடப்பது எனக்கே புரிந்தது.

அக்காவை வரவழைத்துப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவர், அந்த இரைச்சலை முழுசாக எடுக்க முடியாதா என்றார்.

"எடுத்துப்போடலாமுங்க. கூடவே உங்களையும் கொஞ்சம் எடுத்துப்போடுமுங்க."

அக்கா அந்தத் தாழ்ந்த வரியை இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டார்.

"அப்ப அதும் இருந்துட்டுப் போகட்டுங்க."

சாந்தாமணியக்காவின் பழைய குரல் திரும்பவில்லை. கும்மிக்கு வேறொருவர் முன்பாட்டுப் பாடுகிறார். லேத் உறுமலோடு பதிந்த புதுக் கேசட் அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கிறது. எனக்குப் பெரிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பழக்குவது இன்னும் பாக்கி இருந்தது. நான் போகவில்லை.