நாலு மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன்

ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாலு மணிக்கு, மூன்று மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேட்பவர்கள் என் அழகை நினைத்து அசந்துபோவார்கள். அசந்துபோக வேண்டியது நான் எழுதிய லட்சணத்தைப் பார்த்துத்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பினாங்கின் பாயான் பாருவில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதும் வேலை. சொன்ன வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அங்கே ஒருத்தி நம்பினாள் (அந்த ஒருத்தி நான்தான்). அம்மாவோ என் நம்பரைத் தரகர், கோயிலில் பார்த்தவர் என்று கண்டவர்களுக்கும் கொடுத்து வைத்திருந்தார். மீட்டிங் நடுவில் ‘பொண்ணு என்ன ஹைட்?’ என்று வாட்ஸ்அப் வரும். பொறுக்க முடியாமல், இந்தச் செய்திகளுக்குப் பதில் சொல்லி வீட்டுக்கு வர நேரம் கொடுக்க ஒரு ஏஜென்ட் செய்தேன்.

அதற்கு நம் வீட்டு நடப்பு எதுவும் தெரியாது. சில கருவிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று எழுதிவைத்தால், அதைப் படித்து வேலை செய்யும். ஒரு கருவிக்கு இப்படி எழுதினேன்: ‘கவிதா அந்த நேரத்தில் வீட்டில் இருப்பாளா என்று சொல்லும்.’ அடுத்ததற்கு: ‘வருகிறவர்களுக்கு நேரத்தை உறுதி செய்யும்.’ பல் விளக்கும் நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். பிறகு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்த மாப்பிள்ளை படங்களில் பாலிக் புலாவ் ஊர்க்காரர் தினேஷின் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். இது அமைந்துவிட வேண்டுமே என்று தவியாய்த் தவித்தேன். அவருடைய அம்மா போன் செய்து, ஏஜென்ட் கொடுத்த நேரப்படியே ஞாயிறு வருவதாகச் சொன்னபோது, ‘வந்தா வரட்டும்லா’ என்று என் அம்மாவிடம் அலட்டிக்கொள்ளாமல் சொன்னேன்.

தினேஷ் குடும்பம் பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தது. ஐந்தே நிமிடத்தில் சுங்கை பட்டாணியிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகன், அவர் தங்கை யாழினி. தினேஷின் சொந்தக்காரர்கள் போல என்று அம்மா நினைத்தார். எங்கள் சொந்தக்காரர்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். எல்லாரும் எல்லாரையும் விழுந்து விழுந்து உபசரித்தார்கள். மூன்றாவதாக வந்த ஈப்போ பெரியவர்தான் குட்டை உடைத்தார்.

“நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்” என்றார். “நாங்களும் அதுக்குத்தான்” என்று இரண்டு சோபாக்களிலிருந்தும் பதில் வந்தது. ஈப்போக்காரர்கள் கொண்டுவந்த பழத்தட்டோடு அப்படியே திரும்பிப் போனார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை விளக்க மாட்டேன். தப்பு மெஷின் மேல்தான் என்று நிரூபிக்க, லேப்டாப்பைத் திறந்து, ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற பதிவை எல்லார் முன்னாலும் வைத்தேன்.

தினேஷ் எழுந்து வந்து படித்தார். தொழிற்சாலையில் இயந்திரக் கோளாறு கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

“மூணு தடவையும் நீங்க வீட்டுல இருப்பீங்களான்னுதான் கேட்டிருக்கு. நீங்களும் இருந்திருக்கீங்க. வேற யாரும் வர்றாங்களான்னு அது கேக்கவே இல்ல” என்றார்.

எனக்கு வெட்கம் போய் ஆர்வம் வந்துவிட்டது. இத்தனை நாள் கண்ணில் படாதது இவருக்கு எப்படிப் பட்டது? அந்த நிமிடமே முழுசாக விழுந்தேன். அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் கப் பத்தவில்லை என்று அம்மா சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை யாழினி கேட்டாள். அப்படியென்றால் என்ன எழுதியிருக்க வேண்டும்? அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஒரு கருவிய எப்ப எடுக்கணும்னு மட்டும் எழுதினா பத்தாது. எப்ப எடுக்கக் கூடாதுன்னும் எழுதணும்” என்றார் தினேஷ். “படிக்கிறவனுக்கு நம்ம மனசுல இருக்கறது எப்படித் தெரியும்?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தேநீரோடு வெளியே வந்தால், என் லேப்டாப்பில், என் வாக்கியத்தை, இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள் (யாழினியின் அண்ணன் கேசரியில் மூழ்கியிருந்தார்). தட்டை நீட்டினேன். தினேஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கப்பை எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ் சிஸ்டர்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர் அம்மா போன் செய்தார். ஓடிப்போய் எடுத்தேன். சுங்கை பட்டாணிக்காரர்களின் நம்பர் வேண்டுமாம். கொடுத்துவிட்டு அறைக்குள் போய் நன்றாக அழுதேன். பிறகு அவர்கள் திருத்திய விளக்கத்தை எடுத்துப் படித்தேன். பாவிகள், அருமையாக எழுதியிருந்தார்கள்.

தண்ணீர்மலைக் கோயிலில் தினேஷுக்கும் யாழினிக்கும் கல்யாணம். தினேஷுக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. தாலியின் மீதி இரண்டு முடிச்சைப் போட ஆள் வேண்டுமே என்று யோசித்த அவர் அம்மா, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனார். குனிந்து, நன்றாக இறுக்கித்தான் போட்டேன்.

எங்கே விருந்துக்குப் போனாலும் என் அம்மா இதைச் சொல்லாமல் கை கழுவுவதில்லை. “தன்னைப் பொண்ணு பாக்க வந்தவனுக்கே நாத்தனார் முடிச்சு போட்டவ, இந்தப் பினாங்குல எம்மவ ஒருத்திதான்லா.”